சேகரிப்பு என்ற ஒரு சொல்லுக்குள் அடங்காதவை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் மாவட்டச் செய்திப் பக்கங்களில் அண்மைக் காலமாக ஒரே ஒரு வினைச்சொல் மற்றப் பல வினைச்சொற்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டு வருவதைக் கவலையோடு சுட்டிக்காட்ட விரும்புகிறேன். வேட்பாளர் வாக்கு சேகரிக்கிறார். நகராட்சி குப்பை சேகரிக்கிறது. தொண்டு அமைப்பு நிதி சேகரிக்கிறது. காவல் துறை ஆதாரம் சேகரிக்கிறது. உப்பளத் தொழிலாளர்கள் உப்பு சேகரிக்கின்றனர். அரசு நெல் சேகரிக்கிறது. இவற்றில் இலக்கணப் பிழை ஏதும் இல்லை. ஆயினும் இந்த வேலைகள் ஒவ்வொன்றுக்கும் அதைச் செய்வோர் வாயில் வழங்கும் தனி வினை தமிழில் உண்டு; எதை, யார், எந்த முறையில், யாருக்காக, எந்த உரிமையில் ஒன்றுசேர்த்தார் என்ற செய்தியும் அந்த வினைக்குள்ளேயே இருக்கிறது. செய்தி சொல்வதையே தொழிலாகக் கொண்ட ஓர் இதழ் அதை வீணே விட்டுவிடக் கூடாது என்பதே என் வேண்டுகோள்.

நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் பட்டியல் எழுத்தராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்பதால், எனக்குத் தெரிந்த நெல்லிலிருந்தே தொடங்குகிறேன். குறுவை, சம்பா அறுவடைக் காலங்களில் 'நெல் சேகரிப்பு மையம்' என்று செய்திகளில் எழுதப்படுகிறது. அந்த இடத்தின் பெயர் கொள்முதல் நிலையம். கொள்ளுதல் என்றால் விலை கொடுத்து வாங்குதல். அந்தச் சொல்லுக்குள் எடை, ஈரப்பதம், 40 கிலோ சிப்பம், உழவருக்குச் சேர வேண்டிய தொகை அனைத்தும் இருக்கின்றன. விவசாயி அங்கே நெல்லைப் 'போடுகிறார்'. நிலையம் அதைக் 'கொள்கிறது'. சேகரிப்பு என்று எழுதியவுடன் விலை மறைந்து, உழவர் ஏதோ நன்கொடையாகக் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போனதுபோல் ஆகிவிடுகிறது. நெல்லுக்குப் பணம் இன்னும் வரவில்லை என்று உழவர்கள் சாலையில் அமர்ந்திருக்கும் நாளில், அந்தச் செய்தியின் தலைப்பிலேயே விலை காணாமல் போவது எனக்குப் பொறுக்கக்கூடியதாக இல்லை.

நெல் நிலையத்துக்கு வரும் முன்பே எத்தனை வடிவங்களில் ஒன்றுகூடுகிறது என்பதை இயந்திர அறுவடைக்கு முந்திய தலைமுறை நன்கு அறியும். அரிவாளால் அறுத்து வயலிலேயே பிடிபிடியாகப் போட்டது 'அரி'. அரிகளை வாரி ஒன்றாகப் பிணைத்தது 'கட்டு'. களத்தில் அடித்துத் தூற்றிக் கூட்டிய நெல் 'பொலி'. பெருங்குவியலாக நின்றால் 'அம்பாரம்'. அடித்து எஞ்சிய தாள் ஏறினால் 'வைக்கோற்போர்'. வீட்டுக்குள் நெல் வைக்கும் குதிரும் பத்தாயமும் இருக்க, வெளியே வைக்கோற்பிரியால் சுற்றிக் கட்டிய நெற்கூட்டுக்குச் 'சேர்' என்றே பெயர். இலங்கையின் மட்டக்களப்பு, வன்னிப் பகுதிகளில் அறுத்த கதிர் 'உப்பட்டி' எனும் சிறு கற்றைகளாகக் கிடந்து, பின்னர் 'சூடு' எனும் பெரும் போராக வைக்கப்பட்டு, அதை மிதித்து நெல் எடுக்கும் வேலை 'சூடு மிதித்தல்' ஆயிற்று. ஒரே பயிர் பிடியளவிலிருந்து மலையளவுக்குச் சேரும் பாதையில் ஒவ்வொரு படிக்கும் ஒரு சொல் இருப்பது அலங்காரத்துக்காக அன்று. அரியில் நனைந்த நெல்லுக்கும் கட்டில் நனைந்த நெல்லுக்கும் பொலியில் நனைந்த நெல்லுக்கும் இழப்பு வேறு. 'அறுவடை செய்து சேகரித்து வைத்திருந்த நெல் மழையில் நனைந்தது' என்று மட்டும் எழுதினால் எந்த நிலையில் நனைந்தது என்பது படிப்பவருக்குத் தெரியப்போவதில்லை.

இன்று நாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு சொல்லும் 'குப்பை'க்கே பழந்தமிழில் குவியல் என்றுதான் பொருள். சிவகங்கை மாவட்டத்தில் நெற்குப்பை என்ற ஊர்ப்பெயர் அந்தப் பொருளை இன்றுவரை காத்து நிற்கிறது.

அடுத்து, தேர்தல். இந்த ஒன்றில் மட்டும் தங்கள் ஆசிரியர் குழு உடனடியாக முடிவெடுக்க வேண்டும் என்று வலியுறுத்துவேன். 'வேட்பாளர் வீதி வீதியாகச் சென்று வாக்கு சேகரித்தார்' என்ற தொடர் தேர்தல்தோறும் நூற்றுக்கணக்கில் அச்சேறுகிறது. வாக்கு என்பது பொதுவாக வாக்குச்சாவடியில், மறைவிடத்தில், வாக்காளர் தாமே அளிப்பது. அது வீதியில் கிடப்பதும் அன்று, வேட்பாளர் வாசலில் வந்து பெற்றுக்கொண்டு போகக்கூடியதும் அன்று. வேட்பாளர் வீதியில் செய்வது வாக்குக் கேட்பது. 'ஓட்டுக் கேட்டு வந்தாங்க' என்றுதான் மக்கள் சொல்கிறார்கள்; அந்தச் சொல்லில் கேட்பவர் கீழும் கொடுப்பவர் மேலும் நிற்கிறார்கள். மறுக்கும் உரிமையும் அதில் இருக்கிறது. சேகரித்தார் என்று எழுதும்போது வாக்காளர் என்ற மனிதர் தொடரிலிருந்தே நீங்கிவிடுகிறார். எடுத்துக்கொள்ள ஆயத்தமாக இருந்த பொருளை வேட்பாளர் எடுத்துக்கொண்டார் என்றாகிறது. மக்களாட்சியைப் பற்றி நாள்தோறும் தலையங்கம் எழுதும் இதழ் இந்தச் சொல்லைத் திருத்திக்கொள்வது பெரிய காரியம் அன்று.

கையால் செய்யும் வேலைகளில் நிகழும் இழப்பும் சிறிதன்று. அள்ளுதல், வாருதல், பொறுக்குதல், பறித்தல், கொய்தல் ஆகியவை ஒன்றுக்கொன்று மாற்றாக வைக்கத்தக்க சொற்கள் அல்ல. இரு கைகளும் நிறைய எடுப்பது அள்ளுதல். பரந்து கிடப்பதைப் பலகையாலோ கையாலோ இழுத்து ஒன்றாக்குவது வாருதல். சிதறிக் கிடப்பதை ஒவ்வொன்றாகக் குனிந்து எடுப்பது பொறுக்குதல். தூத்துக்குடி, வேதாரண்யம் உப்பளங்களில் பாத்தியில் விளைந்த உப்பை வாருகிறார்கள். சுள்ளி பொறுக்குகிறார்கள், அறுத்த வயலில் உதிர்ந்த கதிர் பொறுக்குகிறார்கள், சுடுகாட்டில் மறுநாள் எலும்பு பொறுக்குகிறார்கள். இலங்கையின் மலையகத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கிறார்கள். 1930 ஏப்ரலில் திருச்சிராப்பள்ளியிலிருந்து இராஜாஜி தலைமையில் நடந்து வந்தவர்கள் வேதாரண்யம் கடற்கரையில் உப்பு அள்ளினார்கள் என்று எங்கள் பகுதியில் பள்ளிப் பிள்ளைகளும் சொல்வார்கள். சட்டத்தை மீறுகிறோம் என்று தெரிந்தே குனிந்து அள்ளிய கைகள் அந்த வினையில் தெரிகின்றன. அதையே 'உப்பு சேகரித்தனர்' என்று எழுதிப் பாருங்கள்: சத்தியாகிரகம் போய், ஏதோ ஓர் ஆய்வுக்கு மாதிரி எடுத்த காட்சிதான் மிஞ்சும்.

அதே காரணத்தால்தான் 'குப்பை சேகரிப்பு' என்பதையும் நான் ஏற்கத் தயங்குகிறேன். நகராட்சியின் அறிவிப்பில் அது இருந்துவிட்டுப் போகட்டும். தெருவில் கையுறைகூட இல்லாமல் ஒருவர் செய்யும் வேலையைப் பற்றிய செய்தியில் 'குப்பை அள்ளுகிறார்' என்றுதான் இருக்க வேண்டும், ஏனெனில் அந்தச் சொல் அவருடைய கையை நம் கண்முன் நிறுத்துகிறது. ஆற்று மணலைப் பொறுத்தவரை தங்கள் நிருபர்கள் 'மணல் அள்ளினர்' என்று சரியாகவே எழுதி வருகின்றனர் என்பதையும் இங்கே மகிழ்ச்சியோடு பதிவு செய்கிறேன். (தெருவைக் கூட்டுவதும் பெருக்குவதும் அதே சொற்களால் கணக்கில் கூட்டலும் பெருக்கலும் ஆவது தமிழ் பயிலும் பிள்ளைகளுக்கு ஆசிரியர்கள் எடுத்துச் சொல்ல வேண்டிய செய்தி, இரண்டுமே பரந்து கிடப்பதை ஓரிடத்துக்குக் கொண்டுவரும் வேலைகள்தாம்.)

பணத்தை ஒன்றுசேர்க்கும் சொற்களில் உரிமையும் கடமையும் கலந்திருக்கின்றன. அரசு வரியைத் 'தண்டியது' என்பது பழைய ஆட்சி வழக்கு. கேட்கும் உரிமை உடையவர் கட்டாயமாகப் பெறுவது தண்டல். அந்தச் சொல் இன்று சென்னைக் கடைத்தெருக்களில் நாள்தோறும் வந்து பெற்றுச் செல்லும் கடனுக்குப் பெயராகச் சுருங்கிவிட்டாலும், அதன் கட்டாயப் பொருள் மாறவில்லை. அதன் இடத்தில் அரபியிலிருந்து வந்து நிலைத்த 'வசூல்' இன்று நம் சொல்லே ஆகிவிட்டது. அதை விலக்க வேண்டும் என்று நான் கேட்கமாட்டேன். இலங்கையில் அரசு ஆவணங்கள் கட்டணம் 'அறவிடப்படும்' என்கின்றன. உரியதை முழுவதும் பெறுவது என்ற உணர்வை நன்கு தரும் அச்சொல்லை நாமும் எடுத்தாளலாம். இவற்றுக்கு மாறாக நிதி 'திரட்டுவது' விருப்பத்தின்பாற்பட்டது. மோரில் மிதக்கும் வெண்ணெய் திரள்வதைப் போல, பல இடங்களில் சிறு துளிகளாக இருப்பது ஒன்றோடொன்று ஒட்டி ஒரு பொருளாக உருவெடுப்பதே திரளல். பல பேரிடம் சிறுகச் சிறுகப் பெற்றுப் பள்ளிக்கூடம் கட்டுபவர்கள் நிதி திரட்டுகிறார்கள். கோயில் திருவிழாவுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று ஊர்க்கூட்டம் விதித்துப் பெறுவது வரி வசூல். அதற்குத் 'திரட்டினர்' என்று எழுதுவதும் பொருந்தாது. புதுக்கோட்டை மாவட்டத்திலும் பேராவூரணி வட்டாரத்திலும் ஆடி, ஆவணி மாதங்களில் நடைபெறும் மொய்விருந்துகளில் பெறுவது 'மொய்'. அதை நன்கொடை என்றோ நிதி சேகரிப்பு என்றோ எழுதுவது முற்றிலும் தவறு. மொய் நோட்டில் எழுதப்பட்ட ஒவ்வொரு தொகையும் எழுதியவர் வீட்டு விருந்தில் திரும்பச் செய்தாக வேண்டிய கடன் என்பதை அவ்வட்டாரத்தில் எந்தச் சிறுவனும் சொல்வான்.

இன்னும் கவனமாகக் கையாள வேண்டியவை, சேர்த்தவரின் நேர்மையைப் பற்றித் தீர்ப்புச் சொல்லிவிடும் வினைகள். சேர்த்தல் பொதுவானது, அதில் பழியும் இல்லை, புகழும் இல்லை. சேமித்தல் சேமம் என்ற சொல்லின் வழி வந்தது. பாதுகாப்பாக வைத்தல் என்பதே அதன் உட்பொருள். குவித்தலில் அளவு மீறிய தன்மை வந்துவிடுகிறது. பதுக்குதலிலோ பிறர் கண்ணிலிருந்து மறைக்கும் எண்ணம் இருக்கிறது. 1988ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டத்தின் கீழ் ஒருவர்மீது வழக்குப் பதிவான அன்றே 'சொத்துக் குவிப்பு வழக்கு' என்று எழுதிவிடுகிறோம். வருமானத்துக்கு மிஞ்சிச் சொத்து சேர்த்ததாக அவர்மீது குற்றச்சாட்டு இருக்கிறது. குவித்தாரா என்பதை நீதிமன்றம் முடிவு செய்யட்டும். 'சொத்து சேர்த்ததாக வழக்கு' என்பது சில எழுத்துகள் மிகுதியாக இருந்தாலும் நியாயமான தொடர். குற்றம் உறுதியான பிறகு குவிப்பு என்று எழுதத் தடையில்லை.

பதுக்கலில் நேரும் தவறு எளியவர்களைத் தாக்குகிறது. வெங்காய விலை ஏறும்போதெல்லாம் 'பதுக்கல்' என்ற சொல் பக்கம்தோறும் தலைகாட்டுகிறது. 1955ஆம் ஆண்டின் அத்தியாவசியப் பொருள்கள் சட்டத்தின் கீழ் விதிக்கப்படும் இருப்பு வரம்பை மீறி, கணக்கில் காட்டாமல் மறைத்து வைக்கும் வணிகர் செய்வது பதுக்கல்தான். ஆனால் பெரம்பலூர்ப் பக்கத்தில் சின்ன வெங்காயம் விளைவிக்கும் உழவர், காற்றோட்டம் இருக்கும்படி வயலோரத்தில் 'பட்டறை' எனும் சேமிப்பு அமைப்பைப் போட்டு, விலை வரும்வரை வெங்காயத்தைக் காத்து வைப்பது எல்லார் கண்ணுக்கும் தெரிய நடக்கும் வேலை. அது பட்டறை போடுதல். தன் விளைச்சலுக்குத் தானே விலைக்காகக் காத்திருப்பவரையும் கிடங்குக் கதவைப் பூட்டிக்கொண்டவரையும் ஒரே சொல்லால் எழுதுவது பெரும் அநீதி. அவ்வாறே, 2016 நவம்பரில் 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாதவையாக அறிவிக்கப்பட்டபோது அரிசிப் பானையிலிருந்தும் அஞ்சறைப்பெட்டியிலிருந்தும் வெளியே வந்த பணம் பெண்களின் 'சிறுவாடு'. கணவருக்குத் தெரியாமல் ஒளித்த பணம் என்று அதைக் கேலி செய்தவர்கள் பலர். பிள்ளையின் கல்விக் கட்டணத்துக்கும் திடீர் மருத்துவச் செலவுக்கும் குடும்பத்தைத் தாங்கிய அந்தப் பணத்துக்குத் தமிழ் கொடுத்திருக்கும் பெயர் பழிப்பற்றது. அதையே பயன்படுத்துவதுதான் மரியாதை.

பொருள் சேர்த்தலைப் பற்றிப் பழைய நூல்கள் காட்டும் நுட்பத்தையும் நினைவூட்டலாம் என்று எண்ணுகிறேன். 'இயற்றலும் ஈட்டலும் காத்தலும் காத்த வகுத்தலும் வல்லது அரசு' என்ற குறளில், வரும் வழிகளை உண்டாக்குவது இயற்றல், அவ்வாறு வந்தவற்றை ஓரிடத்தில் தொகுப்பது ஈட்டல் என்று பரிமேலழகர் பிரித்துக் காட்டுகிறார். இன்று நாம் 'வருவாய் ஈட்டினார்' என்று எழுதும்போது சம்பாதித்தல் என்ற பொருளையே கொள்கிறோம். குறளில் சம்பாத்தியம் இயற்றலிலேயே தொடங்கிவிட, ஈட்டலுக்கு ஒன்றுசேர்த்தல் என்ற பொருளே மேலோங்குகிறது. ஈண்டுதல் என்றால் தானே வந்து கூடுதல், ஈட்டுதல் என்றால் கூடச் செய்தல். கொடாது வைத்து ஈட்டினார் இழப்பர் என்பதற்கு 'உய்த்தீட்டும் தேனீக் கரி' என்று நாலடியார் தேனீயைச் சாட்சி (கரி) காட்டுகிறது. தேனீ சம்பாதிக்கவில்லை, கொண்டுவந்து சேர்க்கிறது. 'பாடுபட்டுத் தேடிப் பணத்தைப் புதைத்து வைத்து' என்ற ஔவையாரின் அடியில் தேடுதலும் புதைத்துவைத்தலும் இரண்டு தனித்தனிச் செயல்களாக வரிசையாக வருகின்றன. அந்தத் 'தேடு' யாழ்ப்பாணத்தின் தேசவழமைச் சட்டத்தில் இன்றும் உயிரோடு இருக்கிறது: முன்னோர் வழி வந்தது முதுசம், பெண்ணுக்குக் கொடுத்தது சீதனம், மணவாழ்வின்போது சேர்த்தது தேடிய தேட்டம். ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) ஆட்சியில் 1707ஆம் ஆண்டளவில் எழுத்து வடிவம் பெற்ற அந்த வழக்கம், எப்படிச் சேர்ந்தது என்பதை வைத்தே யாருக்கு உரியது என்பதை முடிவு செய்கிறது.

இலக்கியத்தில் சேர்த்தலுக்கு உரிய சொல் 'தொகு'. சேர்ப்பதோடு தொகுத்தல் முடிவதில்லை, ஒழுங்குபடுத்தினால்தான் அது தொகை. அகநானூற்றின் 400 பாடல்களில் ஒற்றைப்படை எண் பெற்றவை யாவும் பாலை. 2, 8 என முடிபவை குறிஞ்சி. 4 என முடிபவை முல்லை. 6 என முடிபவை மருதம். 10, 20 என வருபவை நெய்தல். பாட்டின் எண்ணைச் சொன்னாலே திணை தெரிந்துவிடும். அந்நூலின் மூன்று பகுதிகளுக்கு வைத்த பெயர்களைப் பாருங்கள்: களிற்றியானை நிரை, மணிமிடை பவளம், நித்திலக் கோவை. நிரைத்தல் வரிசையாக நிறுத்துவது, மிடைதல் ஒன்றோடொன்று செறிவது, கோத்தல் நூலில் சேர்ப்பது. ஒன்றுகூட்டும் முறைகள் மூன்றும் ஒரே நூலுக்குள் பெயராகி நிற்கின்றன. தொகுத்தவர் உருத்திரசன்மர் என்றும் தொகுப்பித்தவர் பாண்டியன் உக்கிரப் பெருவழுதி என்றும் உழைத்தவரையும் ஆதரித்தவரையும் இரு வினைகளால் வேறுபடுத்திச் சொன்ன மொழி இது. எனவே, வந்த செய்திக் குறிப்புகளை வந்தபடியே அடுத்தடுத்து வைத்துவிட்டுச் 'சிறப்புத் தொகுப்பு' என்று தலைப்பிடும்போது அச்சொல்லுக்கு உரிய உழைப்பைச் செய்திருக்கிறோமா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

தானாக நிகழ்வதையும் பிறர் நிகழ்த்துவதையும் பிரிக்கும் இந்த ஆற்றல் அரசியல் செய்திகளில் மிகவும் தேவைப்படுகிறது. மக்கள் திரண்டனர் என்பதும் மக்களைத் திரட்டினர் என்பதும் வேறு. கூடிய கூட்டமும் கூட்டிய கூட்டமும் வேறு. பேருந்துகளில் ஏற்றி, சாப்பாட்டுப் பொட்டலமும் பணமும் கொடுத்து அழைத்து வந்தவர்களைப் பற்றி 'மக்கள் வெள்ளமெனத் திரண்டனர்' என்று எழுதுவது நிருபர் தம் கண்ணால் கண்டதற்கே மாறானது. ஓரிரு எழுத்தை மாற்றினால் உண்மை வந்துவிடும் இடத்தில் அதை ஏன் விட வேண்டும்?

சேகரித்தல் என்ற சொல்லை ஒழிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அதன் தோற்றம் எந்த மொழி என்ற வழக்குக்குள்ளும் நான் போகவில்லை. ஒருவர் தம் ஈடுபாட்டால், நீண்ட காலம், தேர்ந்து, ஒவ்வொன்றாகப் பெற்றுப் பேணுவதற்கு அது மிகப் பொருத்தமான சொல். அஞ்சல் தலை சேகரிக்கலாம், பழைய நாணயம் சேகரிக்கலாம், நாட்டார் பாடல் சேகரிக்கலாம். கோட்டையூர் ரோஜா முத்தையா தம் வாழ்நாள் முழுதும் நூல்களையும் இதழ்களையும் நாடக அறிவிப்புகளையும் சேகரித்தார். அந்தச் சேகரிப்பே அவர் பெயரால் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. அங்கே வேறு எந்தச் சொல்லை வைத்தாலும் குறைவாகவே இருக்கும். நெல்லை வட்டாரத்துச் சீர்திருத்தத் திருச்சபையினர் பல ஊர்ச் சபைகள் சேர்ந்த பிரிவைச் 'சேகரம்' என்று வழங்குவதும் அழகிய ஆட்சி. 2003இல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்பும் பெயராகவே ஊன்றிவிட்டது, அது நிற்கட்டும். ஆயினும் ஏரியைப் பற்றி எழுதும்போது நீரைத் தேக்குதல், ஏந்துதல், தாங்குதல் என்ற வினைகள் ஏந்தல், தாங்கல் என்று ஊர்ப்பெயர்களாகவே நம்மைச் சுற்றி இருப்பதை நிருபர்கள் மறக்கலாகாது. வேடந்தாங்கலின் தாங்கல் நீரைத் தாங்கும் ஏரிதான்.

இந்தச் சொற்களைத் தேடி எவரும் அகராதியைப் புரட்ட வேண்டியதில்லை என்பதே என் கடைசி வாதம். உழவரும் உப்பளத் தொழிலாளியும் தூய்மைப் பணியாளரும் நிருபரிடம் பேசும்போது சரியான வினையைத்தான் சொல்கிறார்கள். அது குறிப்பேட்டிலும் ஏறுகிறது. செய்தி அறையில் திருத்தம் செய்யும் மேசைக்கு வந்த பிறகே 'எழுத்து நடைக்கு' மாற்றுவதாக எண்ணி, அள்ளினதும் வாரினதும் பொறுக்கினதும் போட்டதும் கேட்டதும் எல்லாம் சேகரித்தனவாக மாற்றப்படுகின்றன. வரும் சம்பா அறுவடைச் செய்திகளிலிருந்தாவது, மாவட்ட நிருபர் அனுப்பும் வினைச்சொல் வட்டார வழக்கு என்பதற்காக மட்டும் மாற்றப்படாது என்று ஒரு நெறியைத் தங்கள் செய்தி மேசைக்கு வகுத்துத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகன்,
திருவாரூர் மாவட்டம்.